விமானம் பார்க்காத ஆறு பேர்

அந்த அறையின் கதவுக்கு உட்பக்கம் பிடி இல்லை. காலை எட்டரைக்கு நாங்கள் ஆறு பேரும் உள்ளே போனதும், கீழே ஸ்வெட்டர் கடையில் இருக்கும் காவற்காரர் வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார். யாருக்காவது வெளியே போக வேண்டுமென்றால் எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மரக்கட்டையை எடுத்துத் தரையில் மூன்று தரம் தட்டுவார். கடையில் ஆட்கள் நிறைந்திருந்தால் அந்தச் சத்தம் கீழே கேட்காது. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குக் கொழும்புச் சனம் குவியும்போது சில நாட்களில் அரை மணி நேரம்கூடத் தட்டியிருக்கிறோம்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு அந்த வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்தார். அண்ணன் தோட்டத்துத் தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். என் சின்னம்மா துரை பங்களாவில் வேலை செய்ததால் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் எனக்குக் கிடைத்தன. அவற்றை வாசித்து வாசித்தே உயர்தரப் பரீட்சையில் ஆங்கிலம் தேறினேன். எங்கள் பிரிவில் அப்படித் தேறிய முதல் பெண் என்பதில் அம்மாவுக்குப் பெருமை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும், கொம்பியூட்டரை நாங்களே பழக்குகிறோம் என்று எழுதியிருந்தது. முதலாளி கொழும்புக்காரர், வாரத்தில் ஒருநாள் மட்டும் வருவார். இரண்டு வருடம் விலகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார். பிறகு என் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழ்களையும், எல்லாம் மூலப் பிரதிகள், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பத்திரமாக இருக்கும் என்றார். லயத்துக் கூரை ஒழுகும் என்று எனக்கும் தெரியும். அதனால் அந்த நேரம் அது நல்லதாகவே பட்டது.

வேலை இதுதான். வெளிநாட்டில் ஒரு கம்பனி, விமானங்களின் பராமரிப்பு வேலைகளைப் பதிந்துவைக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தது. எந்தப் பாகத்தை எப்போது கழற்ற வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும், என்ன பொருத்த வேண்டும் என்பதெல்லாம் அதுவரை காகித அட்டைகளில் இருந்தன. அந்த அட்டைகளின் படம் எங்கள் திரையின் இடப்பக்கம் வரும். வலப்பக்கத்தில் கட்டங்கள் இருக்கும். அட்டையிலுள்ள ஒவ்வொரு வசனத்தையும் வாசித்து, அது எந்த வகை வேலை என்று அதற்குரிய இலக்கத்தைக் கட்டத்தில் போட வேண்டும். எங்களில் ஒருவர்கூட விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. என் பக்கத்தில் இருந்த நானுஓயாப் பெண் மட்டும், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு மாமனை வழியனுப்பப் போனபோது கம்பி வேலிக்கு அப்பால் ஒரு வாலைக் கண்டதாகச் சொன்னாள்.

அந்த ஆங்கிலம் சஞ்சிகைகளில் நான் வாசித்த ஆங்கிலம் அல்ல. எட்டுப் பெயர்ச்சொற்கள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு வினை இருக்காது, ஒரு சிறு இணைப்புச் சொல்கூட இருக்காது. மெயின் லேண்டிங் கியர் அப்லொக் ரோலர் அட்டாச் போல்ட் நட் என்று போகும். முதல் வாரம் முழுக்க எனக்கு அது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரித்தான் கேட்டது. பிறகு ஒருநாள் பிடிபட்டது. கடைசிச் சொல்தான் பொருள், முன்னால் இருப்பதெல்லாம் அதன் விலாசம். மேற்பிரிவு, ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா என்று நாங்கள் கடிதத்தில் எழுதுவதில்லையா, அதுபோல. ஏழு சொல் போய் மிஞ்சுவது வெறும் ஒரு நட்.

மென்பொருளே பேசும் ஆங்கிலம் இன்னும் மோசம். ஒரு நாள் என் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. பிள்ளையை முடிவுக்குக் கொண்டுவராமல் பெற்றோரை மூட முடியாது என்று அதில் இருந்தது. நானுஓயாப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, இது நல்ல வேலை இல்லையடி என்றாள். பெரிய வேலைக்குக் கீழே வரும் சின்ன வேலையைத்தான் அது பிள்ளை என்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இன்னொரு அட்டையில் பிரேக்கை ப்ளீட் செய் என்றிருந்தது. இரத்தம் வரச் செய் என்பதைத் தவிர அகராதியில் வேறெதுவும் எங்களுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"லொறி பிரேக்குல காத்து அடச்சிக்கிட்டா எண்ணெய சொட்டுச் சொட்டா வெளிய விட்டுக் காத்த எடுப்போம். அதத்தான் சொல்லுறான்."

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு வசனம் என்று மனப்பாடம் செய்து வீட்டுக்குக் கொண்டு போனேன். காகிதம் எதுவும் வெளியே போகக்கூடாது. மாலையில் காவற்காரர் எங்கள் பைகளைக் கொட்டிப் பார்ப்பார். ஆனால் மண்டைக்குள் இருப்பதை யார் பார்ப்பது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் அந்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. பாகங்களின் பெயர்கள் மட்டும் தெரியும். எனக்கு வசனம் தெரியும், பாகம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு அட்டை விளங்கும்.

எங்கள் மேற்பார்வையாளரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். வீடு போய், ஊர் போய், வவுனியா, கொழும்பு என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டுக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கைகளைத் தேய்த்தபடி இருப்பார். குளிர் அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. பந்தி ஒன்றில் ஒரு காற்புள்ளி தவறிக் கிடந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நாங்கள் முடிக்கும் ஒவ்வொரு பதிவும் அவர் திரைக்குப் போய், அவர் சரி என்ற பிறகுதான் கொழும்புக்குப் போகும்.

ரிப்ளேஸ் என்ற சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது. அட்டைகளில் அது எங்கும் வந்தது. எங்கள் பட்டியலிலோ அதற்குப் பொருந்தக்கூடிய இலக்கங்கள் இரண்டு இருந்தன. பதினேழு என்றால் கழற்றிய பாகத்தையே திரும்பப் பொருத்துவது. பதினெட்டு என்றால் புதியது பொருத்துவது. மாஸ்டர் அகராதியை விரித்து வைத்து எங்களைக் கூப்பிட்டார்.

"முதலாவது கருத்து என்ன எண்டு பாருங்கோ. இருந்த இடத்திலை திரும்ப வைக்கிறது. அப்ப ரிப்ளேஸ் எண்டால் பதினேழு. இனி ஒருத்தரும் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்."

யோசிக்காமல் போட்டோம். இரண்டு மாதத்தில் எத்தனை ஆயிரம் பதினேழு போட்டிருப்போமோ தெரியாது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் என் திரைக்கு ஓர் அட்டை வந்தது. சக்கரப் பகுதியில் இருக்கும் ஒரு நட்டையும், அது கழலாதபடி அதில் செருகிக் கால்களை மடக்கியிருக்கும் கொட்டர் பின்னையும் அகற்று, போல்ட்டைப் பார், பிறகு நட்டையும் பின்னையும் ரிப்ளேஸ் செய் என்று நீண்டது. அதன் கீழே ஒரு குறிப்பு. அகற்றும்போது பின்னின் கால்களை வெட்டலாம் என்றது அது. நான் பதினேழு போடப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். காலை வெட்டிய பின்னைத் திரும்ப எப்படிப் பொருத்துவது. வசனம் மிக நீளம், மனதில் நிற்கவில்லை. ஐந்து மணி ஆகிக்கொண்டிருந்தது. பேனையால் என் இடது முழங்கைக்குக் கீழே, சட்டைக் கைக்குள் மறையும்படி, சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

அந்த நாட்களில் வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, நடத்தி மறுபக்கம் கொண்டுபோய் ஏற்றுவார்கள். தினமும் போய்வரும் என் முகம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு புதிய பெண் பொலிஸ் நின்றாள். கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். சட்டைக் கை சரிந்தது.

என்ன இது என்று சிங்களத்தில் கேட்டாள். அலுவலக வேலை என்றேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். லேண்டிங் கியர் என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடையாள அட்டையைப் பார்த்தாள். ஒரு தமிழ்ப் பெண்ணின் உடம்பில் விமானத்தின் பாகங்கள் எழுதியிருந்தன. கட்டுநாயக்காவில் விமானங்கள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட அந்த வருடம் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

பஸ் போய்விட்டது. கொண்டக்டர் மட்டும் வீட்டில் சொல்வதாகச் சைகை காட்டினார். மண்மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குள் ஒரு வாங்கில் என்னை உட்கார வைத்தார்கள். கையைத் துடைக்க விடவில்லை. சாவடிக்குப் பொறுப்பான பெரியவர் வரட்டும் என்றார்கள். சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அன்று வாயில் வந்ததெல்லாம் உடைந்து உடைந்து வந்தது. கொம்பியூட்டரில் அட்டைகளுக்கு இலக்கம் போடுகிறோம் என்று விளக்கினேன். விமானம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். யாருடைய விமானம் என்றார்கள். அதுவும் தெரியாது. என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

கடைசியில் அலுவலக இலக்கத்தைக் கொடுத்தேன். அங்கே இருந்த காவற்காரர் கொழும்புக்குச் சொல்லி, முதலாளி அந்தச் சாவடிப் பெரியவரோடு தொலைபேசியில் பேசினார். நீண்ட நேரம் பேசினார். ஒருமுறை சிரிப்புச் சத்தமும் கேட்டது. அது நம்ம பிள்ளை என்று அவர் சொன்னதைப் பெரியவர் திரும்பச் சொல்லிக்கொண்டே என் அடையாள அட்டையை நீட்டினார். வெளியே அண்ணன் மழைக்குள் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர அவரை விடவில்லை. என்னைக் கண்டதும் தான் போர்த்தியிருந்த சாக்கை எடுத்து என் தலையில் போட்டார்.

அம்மா அழுதுவிட்டு அடுப்படிக்குப் போன பிறகு, அண்ணன் என் கையை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பாதி எழுத்து மழையில் கரைந்திருந்தது.

"இதுக்காகவா உன்னப் புடிச்சானுங்க? என்னா எழுதியிருக்கு, வாசி."

வாசித்துத் தமிழில் சொன்னேன். பதினேழு, பதினெட்டு, அகராதி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையை விட்டார்.

"பின்னு எப்பவும் புதுசுதான். நட்டு நல்லா இருந்தா அதையே போடலாம். பின்ன ஒரு தடவ மடக்குனா செத்துப்போயிரும்."

"அது தேயில மெசினுக்குத்தானே அண்ணே. பிளேனுக்கு எப்படின்னு நமக்குத் தெரியாதே."

அவர் ஆலையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். நாலு வருடத்துக்கு முன் ஆலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் உடைந்து ஒருவருக்கு முழங்கால் போனது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த மனிதர் அடுத்த லயத்தில்தான் இருந்தார். காலை இழுத்துக்கொண்டு ஆட்கள் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துப் பக்கம் போகும்போது அண்ணனுக்குத் தினமும் கைகாட்டுவார். அந்த ரோலரைக் கடைசியாகக் கழற்றிப் பொருத்தியது அண்ணன்தான். சாமான் அறையில் புதிய பின் இல்லை, அடுத்த மாதம் வரும் என்றார்களாம்.

"பழசச் சுத்தியலால நிமித்திப் போட்டேன்," என்றார் அண்ணன். "புத்தகத்துல புதுசுன்னு எழுதுனேன். மூணாம் நாள் நட்டு கழண்டு ஓடிருச்சி. விசாரிக்க வந்தப்பவும் புதுசுன்னுதான் சொன்னேன்."

அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார் என்று விளங்கியது. நான் கையைத் தேய்த்துத் தேய்த்து மிச்ச எழுத்தை அழித்துக்கொண்டிருந்தேன். அந்த முழங்கால்காரரிடம் அண்ணன் அதைச் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாஸ்டரிடம் போய், சில இடங்களில் ரிப்ளேஸ் என்றால் புதியது என்று நினைக்கிறேன், கம்பனிக்கு எழுதிக் கேட்போம் என்றேன். அவர் முகம் இறுகியது. அகராதியைக் காட்டினார். நான் கால் வெட்டிய பின்னைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய் வடிகட்டிகளுக்கும் அதே சொல்தான் இருக்கிறது, அழுக்கு வடிகட்டியைக் கழற்றித் திரும்ப அதையே யாராவது மாட்டுவார்களா என்று கேட்டேன். மற்றவர்கள் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் என்னைச் சன்னல் பக்கம் கூட்டிப் போனார். கண்ணாடிக்கு வெளியே பனிப்புகார் மூடி, மார்க்கெட் கூரைகூடத் தெரியவில்லை.

"பிள்ளை, முதலாளி அவையளுக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறார் எண்டு உமக்குத் தெரியாது. இஞ்ச இருக்கிற ஆறு பேரும் விமான வேலை பழகின ஆக்கள் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். ஒரு கேள்வி போனால் காணும். எல்லாம் முடிஞ்சுது."

அவருடைய இரண்டு மகள்மார் கொழும்பில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர் அப்போது சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்தான். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த அட்டைக்குப் பதினேழு போட்டேன். அதை எழுத இப்போதும் கூசுகிறது, ஆனாலும் போட்டேன்.

அந்த வாரம் வந்த முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார். அன்பாகத்தான் பேசினார். தான் மட்டும் இல்லாவிட்டால் இந்நேரம் நான் எங்கே இருந்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டார். நன்றி சேர் என்றேன். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பேச்சில் அந்தச் சாவடிப் பெரியவரின் பெயரைச் சொல்லிச் சுகம் விசாரித்ததாகக் குறிப்பிடுவார். அவ்வளவுதான். நான் வாயைத் திறக்காமலிருக்க அது போதுமாக இருந்தது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர் நியமனம், நேர்முகப் பரீட்சைக்கு வியாழக்கிழமை நுவரெலியாவுக்கு வர வேண்டும், மூலச் சான்றிதழ்கள் கொண்டுவர வேண்டும். வேலையில் சேர்வதற்கு முன்பு விண்ணப்பித்தது, மறந்தே போயிருந்தேன். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். நான் முதலாளியிடம் சான்றிதழ்களை ஒருநாள் தாருங்கள், திருப்பித் தருகிறேன் என்று கேட்டேன். இரண்டு வருடம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றார். கெஞ்சினேன். கடைசியில் அலுமாரியைத் திறந்து, ஒவ்வொன்றையும் தன் கையாலேயே போட்டோப் பிரதி எடுத்துத் தந்தார். மூலங்களைத் திரும்ப உறைக்குள் போட்டுப் பூட்டினார். இரும்பு அலுமாரிக்கும் எனக்கும் நடுவில் நாலடி தூரம் இருந்திருக்கும்.

பிரதிகளோடு போனேன். விடியக்காலை முதல் வரிசையில் நின்றேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெடியன்களும் பெண்களும் கைகளில் உறைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேசையில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். கடுமையான ஆள் இல்லை. ஒரிஜினல் இல்லாமல் தன்னால் உள்ளே விட ஏலாது, பதினொரு மணிக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். பதினொரு மணிவரை நான் வெளியே மதிலோரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. கொண்டுவருவதற்கு ஒன்றும் இல்லை.

அங்கிருந்து நேரே அலுவலகத்துக்கு நடந்தேன். காவற்காரர் என்னை உள்ளே விட்டுப் பூட்டினார். அட்டைகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. மூன்று மணியளவில் அதே மாதிரி அட்டை, அதே நட், அதே பின், விமானத்தின் மறுபக்கத்துச் சக்கரத்துக்கானது. ஒவ்வொரு பதிவின் கீழும் குறிப்புகளுக்கு என்று ஒரு சிறு பெட்டி இருந்தது. அதை நாங்கள் தொட்டதே இல்லை. அதற்குள் ஆங்கிலத்தில் எழுதினேன். இங்கே ரிப்ளேஸ் என்பது பழைய பின்னைப் போடுவதா, புதிய பின்னைப் போடுவதா, தயவுசெய்து சொல்லுங்கள் என்று எழுதினேன். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. நாங்கள் ஆறு பேரும் விமானத்தைப் பார்த்ததில்லை என்று அதையும் சேர்த்தேன்.

யாரோ முகம் தெரியாத பயணிகளுக்காகச் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மதிலோரம் நின்ற ஆத்திரம் மறுபாதி. எது கூட என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. விசையை அழுத்தியதும் பதிவு திரையிலிருந்து மறைந்தது. அதன் பிறகுதான் பயம் வந்தது. ஓடிப்போக நினைத்தாலும் கதவில் பிடி இல்லை.

பதினாறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் நாள், வர வேண்டிய கிழமையல்லாத ஒரு கிழமையில் முதலாளி வந்தார். கையில் ஒரு கடதாசி. நின்றபடியே வாசித்தார். நட்டைச் சோதித்துவிட்டுத் திரும்பப் போடலாம், பின் எப்போதும் புதியதாகவே இருக்க வேண்டும், அந்தச் சொல் வந்த அட்டைகள் அனைத்தையும் உடனே மறுபடி பார்க்க வேண்டும் என்று அந்தக் கம்பனியின் பொறியியலாளர் ஒருவர் எழுதியிருந்தார். கேட்டவருக்கு நன்றி என்று ஒரு வரியும் இருந்தது. அடுத்த பந்தி உங்கள் ஆட்கள் யார், என்ன பயிற்சி பெற்றவர்கள் என்பதைத் தெரிவியுங்கள் என்றது.

யார் எழுதியது என்று கேட்டார். நானுஓயாப் பெண் தன் விசைப்பலகையைப் பார்த்தாள். அப்போது மாஸ்டர் எழுந்தார்.

"என்ர பார்வைக்கு வராமல் இஞ்சயிருந்து ஒண்டும் போறேல்லை, சேர். பொறுப்பு என்னுடையது."

முதலாளி அவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்து, செய்ததை நீங்களே திருத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது.

ஐந்து வாரம் திருத்தினோம். பழைய அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. சந்தேகமானவற்றைக் கேள்வியாக எழுதும் வேலையை மாஸ்டர் எனக்கே தந்தார். நாளுக்கு முப்பது நாற்பது கேள்வி எழுதினேன். பதில்களும் வந்தன. என் வாழ்க்கையில் அதுவரை நான் கேட்ட கேள்விகளுக்கு அவ்வளவு ஒழுங்காக யாரும் பதில் சொன்னதில்லை. ஆனால் அறைக்குள் என்னோடு ஒருவரும் பேசவில்லை. இந்த வேலையும் போய்விடும் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நானுஓயாப் பெண் கதிரையை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் தம்பிகள் இரண்டு பேர் அவள் வேலையை நம்பித்தான் படித்தார்கள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். கேட்டால் செய்தது பிழை என்றாகிவிடும் என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

திருத்தம் முடிந்த கையோடு கம்பனி ஒப்பந்தத்தை நிறுத்தியது. கடைசி நாள் முதலாளி வரவில்லை. அலுமாரிச் சாவியைக் காவற்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். என் உறையைத் திறந்தபோது புளித்த வாடை வந்தது. ஈரம் ஊறி, பிறப்புச் சான்றிதழும் பரீட்சைச் சான்றிதழும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பெயர் இருந்த இடத்தில் பச்சையாகப் பூஞ்சை.

மாஸ்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த நேரம் அது. வீட்டில் கூரை இருக்கிறதோ என்னவோ, போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பஸ் புறப்பட நேரமிருந்தது. நான் கேட்டேன்.

"மாஸ்டர், நான் எழுதினத நீங்க வாசிச்சீங்களா? இல்ல, தெரியாம போயிருச்சா?"

அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"அகராதியிலை இரண்டாவது கருத்தும் கிடக்குது, பிள்ளை. நான் அதை அண்டைக்கே வாசிச்சனான். கேக்கிற துணிவு எனக்கு வரேல்லை. நீர் கேட்டிருந்தீர். அழிக்கலாம் எண்டு விசையிலை விரலை வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தன். பிறகு அனுப்பிவிட்டன்."

ஏறிப் போய் இருக்கையில் உட்கார்ந்து, சன்னலைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் நான் அம்மாவோடு மலையில் கொழுந்து எடுத்தேன். உயர்தரம் படித்த பெண் கூடை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுப் போனார். பூஞ்சை பிடித்த சான்றிதழ்களுக்குப் பதிலாகப் புதியவை எடுக்க ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அலைந்தது தனிக்கதை. அடுத்த முறை நியமனத்துக்கு அழைத்தபோது எல்லாம் கையில் இருந்தது. இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை கிடைத்தது.

இப்போது எங்கள் அதிபராக இருப்பவர் என்னைவிட வயதில் இளையவர். அந்த வியாழக்கிழமை வரிசையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றவர். அந்த முறையே நியமனம் கிடைத்ததால் சேவை மூப்பில் எனக்கு மேலே போனார். அவருக்கு என்னை ஞாபகமில்லை. நல்ல மனிதர்தான். திணைக்களத்திலிருந்து விளங்காத ஆங்கிலத்தில் சுற்றறிக்கை வந்தால் ஆளனுப்பி என்னைக் கூப்பிடுவார், நான் போய் வாசித்துச் சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்புவேன்.